வாங்க மறுத்த நாவல்

போன மாதம் மயிலாப்பூர் நூலகம் ஒன்றில் எடுத்த நாவலை இன்று திருப்பிக் கொடுக்கப் போனேன். இடையில் அரசாங்கம் அதைத் தடை செய்துவிட்டது.

அட்டையைப் பார்த்ததும் நூலகர் அம்மா கையை இழுத்துக்கொண்டார்.

"இத வாங்க முடியாது சார். லிஸ்ட்லேர்ந்து அடிச்சாச்சு. இப்படி ஒரு புக்கே எங்ககிட்ட கிடையாது."

"சரி, அப்ப வேற புக்கு எடுத்துக்குறேன்."

"பழசு பாக்கி இருக்கே சார். அது வராம எப்படித் தர்றது?"

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் நிமிர்ந்தார். "இன்னாம்மா, அந்த புக்கு உங்ககிட்ட கீதா, இல்லியா?"

நூலகர் அம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அரசாங்கம் தடை செய்தது ஒரு புத்தகத்தை. எனக்கு மூடப்பட்டது மொத்த நூலகமும்.

படிக்க விருப்பமுள்ளவர்கள் கமெண்டில் சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வாருங்கள். எந்த நேரமும் திறந்திருக்கும். புத்தகம்தான் ஒன்றே ஒன்று.