வெளுக்காத நீலம்

கிருபாவதிக்கு இவ்வளவு நன்றாக வரையத் தெரியும் என்று அவளுடன் வேலை பார்த்தவர்களுக்கே தெரியாது. கோவை கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியின் டிராயிங் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள். மோட்டாரைக் குறுக்கே வெட்டினால் உள்ளே எது எங்கே இருக்கும் என்று காட்டும் படங்கள்தான் அவள் வேலை. கறுப்புக் கோடு, அம்புக்குறி, எண். நிறத்துக்கு அங்கே இடமில்லை. முழங்கால் தேய்ந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தபோது டாக்டர் தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னார். ஆர்.எஸ்.புரம் தெருக்களில் ஸ்கூட்டர்காரர்கள் நடக்கவிடவில்லை. அதனால் கணவர் பெனடிக்ட் அவளைக் காலையில் காரில் கூட்டிப்போய் கிருஷ்ணாம்பதி குளத்தங்கரையில் இறக்கிவிடுவார். அவள் நடந்து முடிக்கும்வரை வண்டியிலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

குளத்தில் பார்த்ததை அவள் கெட்டித் தாள் நோட்டு ஒன்றில் வரைய ஆரம்பித்தாள். தண்ணீர்ச் செடிகளுக்கு நடுவே கால் தூக்கி வைத்து நடக்கும் நீலத் தாழைக்கோழி, காய்ந்து வெடித்த எருக்கங்காய், கரையில் கிடந்த நத்தை ஓடு. பக்கத்தில் அன்றைய வெயில், காற்று பற்றி இரண்டு வரி. முதலில் பென்சிலில் மட்டும் வரைந்தாள். ஒருமுறை மதுக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், சாலைக்காக வெட்டிய மேட்டில் மண் அடுக்கடுக்காக வேறு வேறு சிவப்பில் இருப்பதைப் பார்த்துவிட்டு, பட்டுப்புடவையோடு இறங்கி ஒரு கவரில் அள்ளிக்கொண்டு வந்தாள். அதைத் தண்ணீரில் கரைத்து, மணல் கீழே தங்கியதும் மேலே நின்ற கலங்கலை மட்டும் வேறு கிண்ணத்தில் ஊற்றித் தெளியவைத்தாள். அடியில் படிந்த வண்டலைக் காயவைத்து, வேலம்பிசினும் தேனும் விட்டு அரைத்தாள். அந்த நிறத்தில் ஒரு வேலமரத்துப் பட்டையை வரைந்து பெனடிக்டிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“மரமாட்டவே இருக்குது,” என்றார். அதிகம் பேசாத அவருக்கு அது பெரிய பாராட்டு.

மண்ணுக்குப் பிறகு பூவும் இலையும் வந்தன. சாமந்தியில் மஞ்சள், தேக்கின் கொழுந்தில் ஒரு மங்கிய சிவப்பு, கடுக்காயும் துருப்பிடித்த ஆணியும் சேர்ந்த கறுப்பு. நீலம் மட்டும் கைக்கு வரவில்லை. சங்குப்பூவை வெந்நீரில் போட்டு, படிகாரமும் சலவைச் சோடாவும் சேர்த்தால் நிறம் நுரைத்து அடியில் படியும். துணியில் வடிகட்டினால் அருமையான நீலக் களிம்பு. ஆனால் தாளில் பூசி ஜன்னலோரம் வைத்தால் கொஞ்ச நாளில் பழைய துணிபோல வெளுத்துவிடும். தாழைக்கோழிக்கு நீலம் இல்லாமல் முடியாது. அவள் விடாமல் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

புவனா அதே கட்டடத்தின் மேல்மாடி வீட்டுக்காரி. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பும் காடும் உள்ள வீட்டில் பிறந்தவள். எம்.காம். படித்திருந்தாள். கணவனுக்கு வார்ப்படப் பட்டறை. புகுந்த வீட்டில் அவளை வேலைக்கு அனுப்பவில்லை. படிக்கட்டில் ஒரு தட்டில் காய்ந்துகொண்டிருந்த சாமந்தி மஞ்சளைப் பார்த்து, “ஏனுங்க்கா, இது என்ன மாவுங்க?” என்று கேட்டுத்தான் முதலில் கிருபாவதியின் வீட்டுக்குள் வந்தாள். அதன் பிறகு தினமும் வந்தாள். அவள்தான் இதைப் பெட்டியில் போட்டு விற்கலாம் என்றாள். அவளே சின்னத் தகரப் பெட்டிகளை வாங்கினாள், வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தாள், கண்காட்சிகளில் மேஜை பிடித்தாள். பெட்டி மூடியில் கிருபாவதி வரைந்த தாழைக்கோழியும், கிருபாவதியின் கையெழுத்தும், ‘முழுக்க இயற்கை வண்ணம்’ என்ற வரியும் இருந்தன. நீலம் மட்டும் நாளாக மங்கும் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லிவிடும்படி கிருபாவதி புவனாவிடம் சொல்லியிருந்தாள். வேலையையும் பிரித்துக்கொண்டார்கள். கிருபாவதி சாயம் இறக்கிக் களிம்பாக்கிக் கொடுப்பாள். மொட்டைமாடி புவனாவின் வசம் இருந்ததால் காயவைத்துப் பொடித்துத் தருவது அவள் பொறுப்பு. பொடியை மறுபடி வாங்கிப் பிசின் சேர்த்துக் கட்டியாக்குவது கிருபாவதி.

ஒருநாள் கிருபாவதி சங்குப்பூச் சாயத்தில் கொஞ்சம் கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். அந்தப் பொடி மாடியிலிருந்து இறங்கி வந்ததும் கட்டியாக்கி, தாளில் பூசி ஜன்னலில் ஒட்டினாள். நிறம் அப்படியே இருந்தது. அடுத்த மாதமும் இருந்தது. அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, பெனடிக்ட் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்த இடத்துக்கே ஓடினாள்.

“நின்னுபோச்சுங்க. நீலம் நின்னுபோச்சு.”

அவர் கன்னத்தில் நுரையோடு சிரித்தார்.

அதற்கப்புறம் அவள் நோட்டுகளில் வானமும் தண்ணீரும் மீன்கொத்தியும் நிறைந்தன. பள்ளிக்கூடங்களிலும் சர்ச்சின் பாரிஷ் ஹாலிலும் கூப்பிட்டு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். ‘கடுக்காய் சேர்த்தால் சங்குப்பூ நீலம் வெளுக்காது’ என்று அவள் சொல்ல, வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்று கிண்ணங்களை எடுத்துக் கொடுத்தது புவனா. தன் ஆயுளில் தானாகக் கண்டுபிடித்தது என்று கிருபாவதிக்கு அது ஒன்றுதான் இருந்தது. பம்ப் படங்களில் கோடு அவளுடையது, கண்டுபிடிப்பு வேறு யாருடையதோ.

இப்படி இரண்டு மழைக்காலம் போயிற்று. போன தை மாதம் புவனா உடுமலைப்பேட்டையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாள். கிருபாவதிக்கு நீலம் தீர்ந்திருந்தது. அவசரத்துக்குத் தன் பால்கனியிலேயே களிம்பைக் காயவைத்துப் பொடித்துக்கொண்டாள். அந்த நிறத்தில் வரைந்த மீன்கொத்தியின் முதுகு, நோட்டு ஜன்னல் பக்கம் திறந்தே கிடந்ததில், புவனா ஊர் திரும்பிச் சில நாளுக்குள் சாம்பலாகிவிட்டது. கை தப்பு என்று நினைத்து மறுபடி செய்தாள். மறுபடியும் வெளுத்தது. புவனாவிடம் சொன்னபோது அவள், “தண்ணி மாறியிருக்குமுங்க்கா. சிறுவாணி வராம போருல புடிச்சிருப்பீங்க,” என்றாள். கிருபாவதி அதையும் நம்பி, குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்த நாளில் பிடித்து வைத்து இன்னொரு தடவை செய்தாள். அதுவும் வெளுத்தது.

ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு ஜூஸ் கடையில்தான் விஷயம் உடைந்தது. அந்தக் கடையில் சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். நீலம் கண்ணெதிரே ஊதாவாக மாறும், கல்லூரிப் பெண்கள் அதைப் போனில் படம் பிடிப்பார்கள். கிருபாவதி தம்ளரைக் கையில் வைத்தபடி அந்த ஊதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி குடித்ததை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள். இரண்டு நீலத்தையும் ஒரு தட்டில் வைத்து, முதலில் தானே பொடித்ததில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினாள். ஊதாவானது. புவனா பொடித்துக் கொடுத்து, பெட்டியில் அடைத்து விற்கும் நீலத்தில் சொட்டினாள். அது நீலமாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் பிழிந்தாள். அப்போதும் நீலம்தான். அதில் ஒரு இதழ் சங்குப்பூகூட இல்லை.

அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். புவனா கதவைத் திறந்து தட்டைப் பார்த்தவுடனே அவள் முகம் மாறிவிட்டது.

“நான் குடுத்த சங்குப்பூ எங்க போச்சு புவனா?”

“உக்காருங்க்கா. காப்பி போடறேனுங்க.”

“காப்பி வேண்டாங்கண்ணு. சொல்லு.”

புவனா உட்கார்ந்தாள். “அது நிக்கலீங்க்கா. மொத வருசம் வித்ததெல்லாம் வெளுத்துப்போச்சுங்க. உக்கடத்துல மெடிக்கல் கடை வெச்சிருக்கறாங்கல்ல ஜன்னத், அவங்க பொட்டியவே திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்டாங்க. இன்னும் பல பேரு கேட்டாங்க. உங்ககிட்ட வந்து சொன்னா நீங்க எல்லாத்தையும் மூடிப்போடுவீங்க. அதான், டவுன்ஹால் பக்கம் கலர்ப்பொடி வாங்கி, சுண்ணாம்புத் தூள் கலந்து, உங்க நீலத்துக்கு ஒத்து வாரமாதிரி செஞ்சுபோட்டேன். ஒத்து வாரதுக்கு எத்தன தடவ கலக்கிப் பாத்தேன் தெரியுங்களா.”

“மூடியிருக்கோணும்.”

“உங்களுக்குச் சரிங்க. எனக்கு? எங்கூட்டுல நானாச் செய்யறதுன்னு இது ஒண்ணுதானுங்க.”

கிருபாவதி தட்டிலிருந்த நீலத்தை விரலால் தொட்டாள். பிறகு, “கடுக்காய்த் தண்ணின்னு அத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்தனே. நீ பக்கத்துல நின்னு கிண்ணம் எடுத்துக் குடுத்தயே,” என்றாள்.

“நீங்க அத்தன சந்தோசமா இருந்தீங்க. நான் எப்படிங்க்கா வாயைத் தொறப்பேன்.” புவனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பெனடிக்ட் அண்ணனுக்கும் தெரியுமுங்க. அவருந்தான் சொல்ல வேண்டாம்னாரு.”

கிருபாவதிக்குத் தட்டுக் கனத்தது. அதை அங்கேயே டீப்பாயில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

பெனடிக்ட் மறுக்கவில்லை. டவுன்ஹாலில் கையில் கலர்ப்பொடிப் பொட்டலத்தோடு பஸ்ஸுக்கு நின்ற புவனாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தபோது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது அந்த நீலம் ‘நின்ற’ மாதத்திலேயே.

“ரிடையர் ஆனதுக்கு அப்பறம் நீ எப்படி இருந்தேன்னு உனக்கு ஞாபகமில்லை கிருபா. ஒரு வார்த்தை பேசாம சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பே. அன்னைக்கு அந்தத் தாளப் புடிச்சுட்டு ஓடி வந்தியே. அதை நான் எப்படிக் கெடுக்கறது?”

“நான் கெட்டிக்காரின்னு நீங்க நெனச்சு சிரிச்சீங்கன்னு நெனச்சேன்.”

“அப்படித்தான் நெனச்சேன்.”

“இல்லீங்க. பாவம்னு நெனச்சீங்க.” அவள் குரல் உயரவில்லை. “ஊருக்கு முன்னாடி நான் பொய் சொல்லிட்டு நிக்கறேன். பின்னாடி வரிசையில உக்காந்து நீங்க கை தட்டறீங்க.”

அன்றிலிருந்து சாப்பாடு, மாத்திரை, காஸ் சிலிண்டர் என்று வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவள் முன்வரிசை, பின்வரிசை எல்லோருக்கும் கைகூப்பிவிட்டு, கடைசியாகத் தெரியாத மனிதருக்குச் செய்வதுபோல அவருக்கும் கூப்பினாள்.

வாங்கியவர்களுக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் தமிழில் தட்டச்சு செய்து போட்டாள். இந்த நீலம் சங்குப்பூவில் செய்ததல்ல, கடையில் வாங்கிய பொடி, நான் சொல்லிக்கொடுத்த முறையும் தவறு, எல்லோரும் மன்னிக்க வேண்டும். யார் மேலும் பழி சொல்லவில்லை, புவனாவின் பெயரையும் எழுதவில்லை. மதியம் திறந்து பார்த்தபோது செய்தி அழிக்கப்பட்டிருந்தது. அவளும் குழுவில் இல்லை. நீக்கும் அதிகாரம் புவனாவிடம் மட்டும்தான் இருந்தது.

செய்தியை அதற்குள் படித்துவிட்ட சிலர் போன் செய்தார்கள். ஒருவருக்கும் கோபமில்லை. ஒரு டிராயிங் டீச்சர், “அதனாலென்னங்க மேடம், கலர் நல்லாத்தான இருக்குது. அதே தொடர்ந்து வருமுங்களா?” என்று கேட்டார். கிருபாவதி போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை என்று இருந்திருக்கும்.

கொஞ்ச நாளில் பெட்டிகள் புது மூடியோடு வந்தன. கையெழுத்து போய்விட்டது. தாழைக்கோழியும் ‘முழுக்க இயற்கை வண்ணம்’ என்ற வரியும் அப்படியே இருந்தன. வக்கீலைப் பார்க்கலாம் என்று பெனடிக்ட் சொன்னார். “நீங்க பேசாதீங்க,” என்றாள் அவள். லிஃப்டில் எதிர்ப்பட்டால் புவனா, “சாப்டீங்களா அக்கா?” என்று கேட்பாள். கிருபாவதி, “ஆச்சு,” என்பாள். அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு இவர்களுக்குள் ஏதோ என்று மட்டும் தெரியும்.

இரண்டு வருஷத்து நோட்டுகளை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கிழிக்க மனம் வரவில்லை, ஏனென்றால் பறவைகள் உண்மை. அவள் அந்தக் காலைகளில் அங்கே நின்றதும் உண்மை. அவற்றைக் கட்டிப் பரணில் போடச் சொன்னாள். பெனடிக்ட் ஏணி போட்டு ஏறி வைத்தார். இப்போது அவள் பஸ்ஸில் தனியாகவே குளத்துக்குப் போகிறாள். பென்சிலில் மட்டும் வரைகிறாள்.

சித்திரையில் ஒரு ஞாயிறு சாயங்காலம் உக்கடத்து ஜன்னத் தேடிக்கொண்டு வந்தாள். முதல் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தது அவள்தான். குழுவில் வந்த செய்தியை அவள் படித்திருந்தாள். வரும் வழியில் எங்கோ தோண்டிப் போட்டிருந்த மஞ்சள் மண்ணை ஒரு மருந்துக் கவரில் கொண்டு வந்திருந்தாள்.

“உங்களுக்கு ஆகுமேன்னு எடுத்தாந்தேனுங்க,” என்றாள்.

கிருபாவதி கவரை வாங்கி முகர்ந்து பார்த்தாள். கொஞ்சத்தை எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சாயம் பிரிகிறதா என்று பார்த்தாள். வந்தவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே இதைச் செய்கிறோம் என்பது பாதியில்தான் உறைத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. மண் மெல்ல அடியில் இறங்கியது. மேலே தண்ணீர் தெளிந்து நின்றது.

“மண்ணுதானுங்க,” என்றாள் ஜன்னத். முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

“தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. எனக்கு இப்ப இப்படித்தான் ஆயிப்போச்சு.”

ஜன்னத் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்து முடித்தாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தாள்.