முப்பத்தோரு தப்படி

எனக்கு எழுபத்தொன்பது வயதாகிறது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. தங்கை கண்மூடியபோது விட்டுப்போன இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். எட்டும் நன்றாக இருக்கின்றன. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. பெயர் எழுதுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயர் வாசிப்பேன், அதற்கு மேல் வராது. அதனால் நாகல் நகர் வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். அவளுக்கு அவசரம். எனக்கு இல்லை.

இப்போது மானைத் தொட்டால் ஜெயில். அது சரிதான். நான் சொல்வது அந்தச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முந்தி, எனக்கு ஒன்பது வயதில் நடந்தது.

சிறுமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். முழுக்க வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் நாற்பது நாளும் எந்த வீட்டிலும் கறி வேகாது. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை ஆண்கள் மூங்கில் வில்லை எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போவார்கள். துப்பாக்கி வைத்துக்கொள்ள எங்களுக்கு ஏது வசதி?

அந்த வேட்டைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. இருபது தப்படிக்கு அப்பால் நிற்கிற மானுக்கு அம்பு விடக்கூடாது. தூரத்தில் இருந்து விட்டால் நாண் சத்தம் கேட்டு மான் துள்ளும். விலாவில் இறங்க வேண்டிய அம்பு வயிற்றில் இறங்கும். அது அம்போடு ஓடி எங்காவது புதரில் இரண்டு நாள் கிடந்து சாகும். அப்படி அடிபட்ட மானைத் தேடி எடுக்க முடியாவிட்டால், அம்பு விட்டவனுக்கு மட்டும் தபசு காலம் முடியாது. அடுத்த ஈஸ்டர் வேட்டை முடிகிற வரைக்கும் அவன் கறி தொடக்கூடாது. மறுபடியும் அதே தப்பைச் செய்தால், பங்குச் சாமியார் வராத நாட்களில் கோயிலில் ஜெபம் சொல்கிற உபதேசியார் வந்து வில்லை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதன்பிறகு அந்த வீட்டுக்கு வேட்டையே கிடையாது.

நான் சொல்லப்போகிற வேட்டைக்கு முந்தைய வருஷம் அந்தத் தப்பைச் செய்தவர் எங்கய்யா, என்னைப் பெற்றவர்.

மூன்று நாள் தேடினார். கிடைக்கவில்லை. ஒரு வருஷம் முழுக்க, கிறிஸ்துமஸ் அன்றுகூட, ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார். எதிரே உட்கார்ந்து எலும்பை உறிஞ்சும் சித்தப்பா, “அண்ணே, வாசம் பிடிச்சா பாவமில்லையாம், உபதேசியாரக் கேட்டுட்டேன்” என்பார். எங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அய்யா சிரிப்பார்.

எங்கய்யாவுக்குக் கண் மங்கிவிட்டது என்பது வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எதிரே வருகிற ஆள் பக்கத்தில் வந்து இருமினால்தான் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். உருவம் நிழலாகத் தெரியும், எத்தனை தூரம் என்று தெரியாது. நானும் அவரும் சேர்ந்து கவலை இறைக்கிறவர்கள், எனக்குத் தெரியாமல் இருக்குமா? கவலை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. சால் என்கிற தோல் வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கி, மாட்டைச் சரிவில் ஓட்டினால் தண்ணீர் மேலே வரும். அய்யா சாலைப் பார்த்துக்கொள்வார், நான் மாட்டை ஓட்டுவேன். கிணற்று வாயிலிருந்து மாடு போய் நிற்கிற இடம் வரைக்கும் சரியாக இருபது தப்படி. விடிந்தால் அதே தடம், போவதும் வருவதும். அந்த நீளம் என் காலுக்கே மனப்பாடம். ஒரு மரத்தைக் காட்டினால் அது எங்கள் தடத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று அப்போதே சொல்லிவிடுவேன். வயசு ஒன்பது என்றாலும் என் கண் கண்தான்.

அந்த ஈஸ்டர் திங்களன்று, “தண்ணிக் கலயம் தூக்க ஆள் வேணும்” என்று சொல்லி அய்யா என்னைக் கூட்டிப்போனார். பொட்டப் புள்ளையை வேட்டைக்கா என்று இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். வழியில் மற்றவர்களை முன்னால் விட்டு, குனிந்து என் காதில் சொன்னார்: “தாயி, மான் வந்தா என் முதுகுல கைய வையி. நம்ம தடத்துக்கு உள்ள வந்து, விலாவக் காட்டி நின்னா கைய எடு. வாயத் தொறக்காத.”

சித்திரை வெயிலில் ஓடை வற்றி, ஒரே ஒரு குழியில் மட்டும் தண்ணீர் கிடந்தது. காற்று எங்கள் முகத்தில் அடிக்கிற பக்கமாகப் புதருக்குள் உட்கார்ந்தோம். எனக்குப் பின்னால் சித்தப்பா. முதல் அம்பு அண்ணனுக்கு என்பதால் அவர் வில் மடியில் கிடந்தது.

உச்சிவெயில் சாய்ந்த நேரம் ஒரு கலைமான் வந்தது. கொம்பைத் தூக்கிக்கொண்டு, விலாவை முழுசாகக் காட்டி நின்றது. நான் அய்யாவின் வேர்த்த முதுகில் கையை வைத்தேன். அவர் நாணை இழுத்தார். மான் அசையவில்லை. முதுகெலும்பு என் உள்ளங்கையில் நடுங்குகிறது. பின்னாலிருந்து சித்தப்பா மூச்சுக்குள்ளே, “விடுண்ணே, விடு” என்கிறார். நான் கையை எடுக்கவில்லை. அது தடத்துக்கு வெளியே, நன்றாக வெளியே நிற்கிறது. அய்யா மெல்ல நாணைத் தளர்த்தினார். மான் எங்களைச் சட்டை செய்யாமல், தண்ணீர்ப் பக்கமே இறங்காமல் திரும்பிப் போனது.

சித்தப்பா எழுந்துவிட்டார். “பொண்ணு பாக்க வந்த மாப்புள மாதிரி நின்னு மொகத்தக் காட்டிட்டுப் போகுது. பாத்துக்கிட்டு இருக்கீக! ஒரு வருசம் ரசம் குடிச்சும் பத்தலையா?”

“தூரம்லே” என்றார் அய்யா.

“என்ன தூரம்? பதினெட்டுத் தப்படி இருந்தாப் பெருசு!”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஒண்ணரைத் தடம் இருக்கும் சித்தப்பா. வேணும்னா அளந்து பாருங்க.”

“ஏ சுண்டெலி, நீ எனக்குச் சொல்றியா?” என்று வீம்புக்கு இறங்கிப் போனார், தப்படி வைத்து எண்ணிக்கொண்டே. பதினெட்டு வரைக்கும் சத்தமாக எண்ணினார். இருபத்தைந்துக்கு மேல் உதடு மட்டும் அசைந்தது. மான் நின்ற குளம்புத் தடத்தில் போய் நின்றவர் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“எத்தனைலே?” என்றார் அய்யா.

“முப்பத்தொண்ணு.”

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. எட்டுப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிப் பார்த்த சந்தோஷத்தையும் அதையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பொழுது இறங்கியபோது அடுத்தது வந்தது. வயசான கலை, காதில் ஒரு கிழிசல். இறங்கி, நின்று, இறங்கி, நேரே எங்களைப் பார்த்தபடி வந்தது. தடத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் நெஞ்சைக் காட்டுகிறது, விலாவைக் காட்டவில்லை. என் கை முதுகிலேயே இருந்தது. அது குழியைச் சுற்றித் திரும்பித் தண்ணீரில் வாயை வைத்தது. காதுக் கிழிசலில் ஈ உட்காருவதுகூடத் தெரிகிறது. பதினைந்து தப்படி. கையை எடுத்தேன்.

நாண் அடித்த சத்தமும் மான் துள்ளியதும் ஒன்றாகத் தெரிந்தது. ஆவாரஞ்செடி வரைக்கும் ஓடி, முட்டி மடங்கி விழுந்தது. அவ்வளவுதான். தேட வேண்டியதே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம்.

“எங்க பட்டுச்சு தாயி?” என்று அய்யா கேட்டார்.

“முன்னங்காலுக்குப் பின்னாடி.”

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது நான் சொன்ன இடத்தில்தான் அம்பு இருந்தது. அதன் கண் திறந்தே கிடந்தது. நான் தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடு. கொஞ்சம் அழுதேன். அதையும் எழுதிக்கொள் என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஊருக்குள் கொண்டுவந்ததும் கோயில் முன்னால் உபதேசியார் பங்கு பிரித்தார். அம்பு விட்டவனுக்குத் தொடை, மானை முதலில் கண்டவனுக்கு ஈரல், மீதி ஊருக்கு. “ஈரல் யாருக்கு?” என்று அவர் கேட்டதும் சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எங்கய்யா அத்தனை பேர் நடுவிலும், “எனக்குக் கண்ணு தெரியல. பாத்தது, தூரம் சொன்னது, விடச் சொன்னது எல்லாம் இந்தப் புள்ளதான்” என்றார்.

உபதேசியார் பூவரச இலையில் ஈரலை வைத்து என் இரண்டு கையிலும் கொடுத்தார். எங்கள் ஊரில் அதை வாங்கிய முதல் பெண்பிள்ளை நான். நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதோடு நின்றிருந்தால் சரி. அய்யா வில்லைத் தோளிலிருந்து கழற்றிச் சித்தப்பாவிடம் நீட்டினார். “இனிமே இதையும் நீயே பிடி, முதல் அம்பு ஒனக்கு. முப்பத்தொண்ண மறந்துறாத.” சித்தப்பா அதை வாங்கத் தயங்கி, “என்னண்ணே இது, ஜெயிச்சுட்டுக் குடுக்கிறீக?” என்றார். அதை அவர் கையில் திணித்துவிட்டு அய்யா நடந்தார். வீட்டுக்கு வந்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு அம்மா கறி வைக்க, நிதானமாகச் சாப்பிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. என் கை இருக்கும்போது அவருக்குக் கண் எதற்கு? அடுத்த ஈஸ்டருக்கும் நான் வந்திருப்பேனே, எனக்குக் கிடைத்த வேலையை இப்படிப் பிடுங்கிவிட்டாரே என்று கவலை மாட்டின் முதுகில் கோபத்தைக் காட்டினேன்.

என்றாவது ஒரு நாள் என் கண்ணும் தவறும், ஒரு மான் அம்போடு ஓடும், அன்றைக்கு அது என் கையை எடுத்ததால் ஓடிய மானாக இருக்கும் என்பது அந்த வயசில் எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு வருஷம் ரசம் குடித்தவருக்கு அது தோன்றாதா?

சரி தாயி, எழுதினது போதும். முதல்லேருந்து வாசி. செத்த சத்தமா வாசி, பக்கத்து வீட்டுக்காரிக்கும் கேக்கட்டும்.