மருமகன் வந்த பிறகு

அத்தை ஆட்டோவை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த ஓர் ஆவணி மாதக் காலை. ஆஸ்பத்திரி வாசல். மாமா முன்பே இறங்கி, தெரிந்த முகம் ஏதும் வருகிறதா என்று தெருவை இரு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரியை அப்போதுதான் முடித்திருந்த நான் துணைக்குப் போயிருந்தேன். அத்தைக்கு வயது முப்பத்தேழு. வயிற்றில் மூன்று மாதம். அதைக் கலைக்கத்தான் வந்திருந்தோம்.

அத்தையின் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அந்தத் தை மாதம் அவளுடைய மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது, அவ்வளவுதான். எங்களைப் போன்ற கடைக்காரக் குடும்பங்களில், மருமகன் வந்துவிட்டால் மாமியார் பிள்ளை பெறுவதில்லை. யாரும் எழுதி வைத்த விதியல்ல. மகள் கல்யாணம் முடிந்ததும் மாமனாரின் கட்டில் கடையின் பின்கட்டுக்குப் போய்விடும். அந்த வருடம் மாமாவின் பலசரக்குக் கடைப் பின்கட்டில் கருப்பட்டிச் சிப்பங்கள் கூரை வரை நின்றதால் கட்டில் போகத் தாமதமாயிற்று. அதற்குள் மகளும் உண்டாகியிருந்தாள். "அண்ணாச்சி, பேரனுக்கும் மவனுக்கும் ஒரே தொட்டில் போதுமா?" என்று சரக்கு வாங்க வந்தவர்கள் கேட்டார்கள். மாமா தலை நிமிராமல் பொட்டலம் மடித்தார்.

கேலியைக்கூடப் பொறுத்திருப்பார்கள். புதுக்கோட்டையிலிருந்து சம்பந்தியம்மாள் வந்து, "தாயும் மவளும் ஒரே வீட்டுல வயித்தத் தள்ளிக்கிட்டு நிப்பியளோ? தலைப்பிரசவத்துக்கு எங்க மருமவள அனுப்ப மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய் வீடு வராமல் இருப்பது எங்களிடம் சாவுக்குப் போகாமல் இருப்பதைப் போன்றது. மகளும் அழுதாள். "எம்மா, எனக்கு வெளிய தல காட்ட முடியல." அந்த அழுகைதான் அத்தையை ஆட்டோவில் ஏற்றியது.

"எறங்குளா, ஆளுவ பாக்காவ" என்றார் மாமா.

"பாக்கட்டும். பதினேழு வயசுல என்னக் கட்டிக்கிட்டு வரும்போது வயசு பத்தாதுன்னு ஒருத்தரும் சொல்லல. இப்ப மட்டும் கூடிப் போச்சோ?"

ஆட்டோக்காரர் பொறுமை இழந்து திரும்பினார். "யக்கா, திரேஸ்புரத்துல ஒரு சவாரி காத்துக் கெடக்கு. எறங்குதியளா, வண்டியத் திருப்பட்டுமா?"

"திருப்புங்க தம்பி" என்றாள் அத்தை.

சம்பந்தியம்மாள் சொன்னபடியே செய்தாள். மகளுக்குப் புதுக்கோட்டையில் பிரசவமாயிற்று. பிள்ளைத்தாச்சி பார்க்க வரக் கூடாது என்று அத்தையைத் தடுத்தார்கள். சில வாரங்கள் கழித்து அத்தைக்கும் ஆண் குழந்தை பிறந்தது. முதல் பேரனை அத்தை தூக்கியபோது அவனுக்குப் பல் முளைத்திருந்தது. மகள் அதன்பின் பெற்ற பிள்ளைகளையும் மாமியார் வீட்டிலேயே பெற்றுக்கொண்டாள். தாயும் மகளும் பேசிக்கொள்ளாமல் இல்லை. நல்லது கெட்டதுக்கு வந்து போனார்கள். அந்த ஆவணியைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

சென்ற மாதம் என் மகளுக்கு வளைகாப்பு. சென்னையில் படிப்பு, வேலை, சொந்த வீடு எல்லாம் ஆன பிறகு இது முதல் குழந்தை. அவளுக்கும் வயது முப்பத்தேழு. அத்தையைக் காரில் அழைத்து வந்தவன், அன்று அவள் வயிற்றில் ஆட்டோவில் திரும்பி வந்தவன். அவனுக்கே தலை நரைத்துவிட்டது. அத்தையின் மூத்த மகள் மூன்று மருமக்களைக் கண்டவள். என் மகளின் கன்னத்தில் சந்தனம் தடவிக்கொண்டே, "முப்பத்தேழு வயசுலயா முதப் பிள்ள? காலாகாலத்துல பெத்திருக்கப்பிடாதா?" என்றாள்.

நாற்காலியில் இருந்த அத்தை நிமிர்ந்தாள். "ஏளா, இதே வயசுல நான் ஒந் தம்பியப் பெத்தப்பவும் பிந்திப் போச்சுன்னுதான சொன்ன? எப்பத்தான் பெறணும்?"

பெண்கள் சிரித்தார்கள். அத்தையின் மகள் சிரிக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அப்பப் பத்தொம்பது வயசும்மா. எனக்கு என்ன தெரியும்?"

"ஒன்னப் பெத்தப்ப எனக்கு அதுகூட ஆகலியே" என்றாள் அத்தை.