காலரில் போட்ட மஞ்சள் கோடு

சக்ரபாணியிடம் வண்டியை விட்டவர்கள் அவசரப்படக் கூடாது. ஹப்சிகுடாவில் ஒரு குறுகிய சந்துக்குள் இருக்கும் அவன் ஷெட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அது தெரியும். எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஸ்பானர் பிடித்தவன். இப்போது வயது ஐம்பத்திரண்டு. வாயைத் திறந்தால் வேலூர்த் தமிழ் முக்கால், இந்த ஊர் இந்தி கால்.

அன்று மத்தியானம் ஜாக்கியில் நின்றது சௌந்தரராஜனின் பழைய பத்மினி கார். அவர் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் லேத்தில் இரும்பு கடைந்து ரிடையர் ஆனவர். மறுநாள் விடிகாலை மனைவி வேதவல்லி, மகள் ரோகிணி, இரண்டு பேத்திகளோடு அதே வண்டியில் ஸ்ரீசைலம் போவதாக ஏற்பாடு. மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு.

வலது பின்சக்கரத்தின் பேரிங் தேய்ந்து ஊளையிட்டது. ஆயில் சீல் கிழிந்து பிரேக் கட்டையெல்லாம் எண்ணெய். சக்கரத்தோடு சுழலும் ஆக்சில் ஷாஃப்டை உருவி இரண்டையும் மாற்றுவது அவனுக்குப் பெரிய வேலை இல்லை. பயமெல்லாம் காலர் மேல்தான். விரல் அகல இரும்பு வளையம் அது. நெருப்பில் காய்ச்சி ஷாஃப்டில் இறக்கினால், ஆறும்போது இறுகிப் பேரிங்கைப் பிடித்துக்கொள்ளும். அது நழுவினால் ஓடுகிற வண்டியிலிருந்து சக்கரம் ஷாஃப்டோடு வெளியே வந்துவிடும்.

வந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பழைய காலரையே மறுபடி மாட்டி ஒரு வண்டியை அனுப்பினான். ஓட்டிப் போனவர் இன்றும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். அன்றிலிருந்து, காலரும் ஷாஃப்டும் சேருகிற இடத்தில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போடுவான். ஓட்டிவிட்டு வந்து மறுபடி கழற்றிப் பார்ப்பான். கோடு உடையாமல் இருந்தால்தான் சாவி கைமாறும்.

கடையில் புதுக் காலர் கிடைக்கவில்லை. சௌந்தரராஜனே நண்பர் பட்டறையில் ஒன்று கடைந்து கொண்டுவந்திருந்தார். காய்ச்சிப் போட்டபோது அது பொசுக்கென்று இறங்கியது. வழக்கமாகக் குழாயை வைத்து ஒரு தட்டாவது தட்ட வேண்டும். சக்ரபாணி குனிந்து காலரையே உற்றுப் பார்த்தான்.

"என்னப்பா, மூஞ்சி ஏன் இப்படிப் போறது?" என்றார் பக்கத்தில் நின்ற சௌந்தரராஜன்.

"ஈஸியா இறங்கிடுச்சு சார்."

"அளவாக் கடைஞ்சா அப்படித்தான் இறங்கும். நீ சுத்தியால அடிச்சே பழகினவன்."

கோட்டைப் போட்டு, சக்கரத்தை மாட்டி, டிக்கியில் இரண்டு மணல் மூட்டைகளை ஏற்றினான். தார்நாகா பக்கம் ஒரு காலி மைதானத்தில் எட்டுப் போட்டு ஓட்டினான். பக்கத்தில் சௌந்தரராஜன். மூன்றாவது சுற்றில், இடது பக்கம் ஒடித்தபோது பின்னாலிருந்து 'டிக்'.

"கேட்டுச்சா சார்?"

"டிக்கில ஜாக்கி ஆடறது."

"ஜாக்கி ஷெட்ல இருக்கு."

இருபதைத் தாண்டாமல் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான் சக்ரபாணி. ஒவ்வொரு இடது திருப்பத்திலும் இன்னும் மெதுவாக்கினான்.

ஷெட்டில் ஷாஃப்டை உருவித் துடைத்து வெளிச்சத்தில் காட்டினான். கோடு உடைந்திருந்தது. காலர் நூலளவு சுற்றியிருந்தது.

"நூலளவுதானே? ரெண்டு பொட்டு வெல்டு வெச்சு விட்டுடு. குழந்தைகள் குதிச்சிண்டிருக்கு."

"நக்கோ சார், வேணாம். வெல்டு வச்சா ஷாஃப்டே ஒடிஞ்சிடும்."

"நீ வைக்காட்டா வேற எடத்துல வெச்சுக்கறேன். கொடு இப்படி."

சக்ரபாணி கொடுக்கவில்லை. இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்துக் காலரில் ஒரு கீறல் போட்டான்.

"டேய், என்னடா பண்றே! நான் கடைஞ்சதுடா அது!"

உளியை வைத்து ஒரே போடு. காலர் வாயைப் பிளந்தது. கழற்றி அவர் முன்னால் வைத்தான்.

சௌந்தரராஜன் பிளந்த காலரைக் கையில் எடுத்தார். "முப்பத்தாறு வருஷத்துல நான் கடைஞ்ச ஒரு சாமானும் திரும்பி வந்ததில்லை. தெரியுமா?"

"ஷாஃப்டை அளந்தீங்களா சார்?"

"அதை எதுக்கு அளக்கணும்? கம்பெனி டிராயிங்ல அளவு இருக்கே."

"அளங்க."

சண்டை போடுகிற வேகத்தில் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். ஓர் இடத்தில் அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு இடத்தில் அளந்தார். எண்ணைச் சொல்லவில்லை.

"தேஞ்சிருக்கு" என்றார்.

"டிராயிங் புது ஷாஃப்டுக்கு சார். இது உங்களோடவே ரிடையர் ஆனது."

அவர் சிரிக்கவில்லை. போன் அடித்தது. வேதவல்லியின் குரல் ஷெட் முழுக்கக் கேட்டது. "ஏன்னா, வண்டி ரெடியா? புளியோதரை கலந்துடட்டுமா?"

"வண்டி நாளைக்கு வராது."

"அந்த மெக்கானிக் என்ன பண்ணித் தொலைச்சான்?"

சௌந்தரராஜன் திரும்பிப் பார்த்தார். சக்ரபாணி உளியைக் கீழே வைக்காமல் நின்றிருந்தான்.

"அவன் ஒண்ணும் பண்ணலை. நான் கடைஞ்ச காலர் ஷாஃப்டைப் பிடிக்கலை. ரோகிணியை பஸ் இருக்கான்னு பாக்கச் சொல்லு."

போனை வைத்துவிட்டு, பேரிங் கழற்றிய ஷாஃப்டைப் பழைய பேப்பரில் தாமே சுற்றினார். "இதுக்கு ஏத்த மாதிரி கடைஞ்சுண்டு வரேன்."

"ஹவ் சார், சரி, கொண்டாங்க. கோடு மட்டும் நான்தான் போடுவேன்."

"போடேன். இந்தத் தடவை கொஞ்சம் தடிமனாவே போடு."