முத்தேக்கு ஓட்டுப் போட்டவர்கள்

எங்கள் பள்ளியில், கர்நாடக மாநிலம் உருவான நாளான ராஜ்யோத்சவத்துக்கு முந்தின வாரம் ஆசிரியர் அறையில் ஒரு தேர்தல். கர்நாடகத்துக்கென்று ஒரே ஒரு உணவை அறிவித்தால் எதை அறிவிக்கலாம்? ஜெயிப்பதைச் சமைத்து விழா மேசையில் வைக்க வேண்டும். பிசிபேளே பாத், மைசூர் பாக், மசால் தோசை என்று ஆளுக்கொன்று கத்தினார்கள். நான் ராகி மாவில் கிண்டி உருட்டும் முத்தேயை எழுதிச் சீட்டை நீட்டினேன்.

கன்னட ஆசிரியை வாங்கவில்லை. "நீங்க தமிழ்நாட்டவங்க, உங்களுக்கு யாக்கே மிஸ் இதுல ஓட்டு?" என்றார் சிரித்துக்கொண்டே.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் தாத்தாவே பெங்களூர் மர்பி டவுனில் பிறந்தவர். "தமிழ்நாட்டுப் பக்கம் எனக்கு ஒரு ரேஷன் கார்டுகூட கிடையாது மிஸ்!" என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் ஓட்டு இல்லாமலே முத்தே ஜெயித்தது.

விழாவன்று காலை பள்ளிச் சமையலறையில்தான் கூத்து. ஓட்டுப் போட்டவர்களில் ஒருவருக்கும் முத்தே கிண்டத் தெரியாது! எல்லாரும் ஓட்டலில் சாப்பிட்டவர்கள். கன்னட ஆசிரியை செல்போனில் வீடியோ பார்த்தபடி கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டி, கொட்டிய கையோடு கலக்கினார். கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது, உள்ளே பச்சை மாவு. "மானம் போகுது மிஸ்," என்றார், அழாத குறையாக.

நல்லா வேணும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மேசையில் வெறும் தட்டு இருக்குமே என்பது எனக்கே பொறுக்கவில்லை. என் அம்மா களி என்று தினம் மதியம் கிண்டிப்போட்டது இதைத்தானே. "தள்ளுங்க," என்றேன்.

புதுத் தண்ணீர் கொதித்ததும் மாவை நடுவில் குவித்து, கிண்டும் கோலை நட்டு மூடினேன். வேகும்வரை யாரையும் தொடவிடவில்லை. பிறகு கன்னட ஆசிரியை துணி சுற்றிப் பாத்திரத்தை இறுக்கிப் பிடிக்க, தோள் விட்டுப்போகும்வரை கிண்டினேன். ஈரக் கையால் உருட்டி வைத்த உருண்டைகள் பளபளவென்று இருந்தன.

விருந்தினராக வந்த கல்வி அதிகாரி ஒரு துண்டைக் கீரைச் சாற்றில் தோய்த்து, முறைப்படி மெல்லாமல் விழுங்கினார். எந்த ஓட்டலிலிருந்து வரவழைத்தீர்கள் என்று கேட்டார்.

"ஓட்டல் இல்ல சார். நம்ம மிஸ் மாடித்து, இவங்கதான் செஞ்சாங்க," என்று என்னைக் காட்டினார் கன்னட ஆசிரியை. "நம்மூரவரு."

ஒரு வாரமாக அவரிடம் சண்டை போடச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். பெருமையோடு தட்டைக் கையில் எடுத்தேன். இன்னொரு உருண்டை வைக்கட்டுமா என்று அதிகாரியிடம் கன்னடத்தில் கேட்டேன்.