எனக்காக ஒரு நிமிட மௌனம்

பட்டுப்புடவையின் முந்தானையை என் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் முதன்முதலாகக் கை நடுங்கியது. நான் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை விற்பனையாளன். எதிரே உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணின் அம்மா, "உடம்பு சரியில்லையா தம்பி?" என்றார். "ஏசி அதிகம்மா" என்று சமாளித்தேன். சொல்லும்போதே நெற்றியில் வியர்வை வழிந்தது.

அடுத்த வாரம் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, மருத்துவமனையில் கிடந்தேன். டாக்டர் அம்மா சுற்றி வளைக்கவில்லை. "குடியினால வந்த ஹெப்படைடிஸ் (ஈரல் அழற்சி). இப்ப நிறுத்தினா தேறிடலாம். மறுபடி ஆரம்பிச்சீங்கன்னா ஈரல் தாங்காது."

பிறகு டீடாக்ஸ் (மருந்து கொடுத்து, உடம்பைக் குடியிலிருந்து மெல்ல விடுவிப்பது). என்னைப்போல இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீறாப்பாக வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். வலிப்புகூட வரலாம். மருத்துவரின் துணையோடு நிறுத்துங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். குடியை விட்டவர்கள் வாரந்தோறும் அபிராமபுரத்தில் ஒரு பள்ளி வகுப்பறையில் கூடுகிறார்களாம். எனக்கு எரிச்சலாக இருந்தது. நாலு குடிகாரர்கள் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவதை நான் எதற்குப் பார்க்க வேண்டும்? என் மனைவி சுமதிதான் விடவில்லை. "போய்ப் பாருய்யா. புடிக்கலன்னா எந்திரிச்சு வந்துடு." அவளுடைய தம்பி எங்கள் சிந்தாதிரிப்பேட்டை வீட்டிலிருந்து என்னைப் பைக்கில் கொண்டுவந்து பள்ளி வாசலில் இறக்கிவிட்டுக் காத்திருந்தான். துணைக்கு அல்ல, காவலுக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னைத் தனியாக வெளியே விடுவதே இல்லை.

உள்ளே போகக் கால் வரவில்லை. அப்போது எதிரே ஒருவர், வெள்ளைச் சட்டையும் புதுத் தொப்பையுமாக, பிஸ்கட் பாக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா!

மாமா யாரென்று சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாத இருவர் மதுக்கடை வாசலில் கூட்டுச் சேர்ந்து, ஒரு குவார்ட்டரை வாங்கிப் பாதி பாதியாகக் குடிப்பதற்குக் 'கட்டிங்' என்று பெயர். தேனாம்பேட்டைக் கடையில் மாமாதான் என் கட்டிங் பங்காளி. அவர் பெயர் தெரியாது, வீடு தெரியாது. ஆனால் அவர் ஊற்றினால் இரண்டு டம்ளரிலும் ஒரு சொட்டு கூடாது, குறையாது.

நடுவில் என்னைச் சில மாதங்கள் அடையாறு கிளைக்கு மாற்றினார்கள். அங்கேயே குடிக்க ஒரு ஒயின்ஷாப்பைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது மாமாவைக் காணோம். அந்த இடத்துக்கு ஒருவர் வருவது நின்றால் நாங்கள் ஒன்றைத்தான் நினைப்போம். குடியை விட்டிருப்பார் என்று யாருக்கும் தோன்றவே தோன்றாது. துக்கத்தில் அவர் பங்கையும் சேர்த்து நானே குடித்தேன்.

"மாமா! நீ உயிரோட கீறியா?"

பிஸ்கட் பாக்கெட்டுகள் கீழே விழுந்தன. "டேய், நீதான்டா செத்துட்டேன்னு நெனச்சிக்கினு கீறேன்!" என்று என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். "ஒரு வாரம் வர்ல, ரெண்டு வாரம் வர்ல. சரி, பூட்டான், அடுத்து நாந்தான்னு பயந்து நைனா, இங்க வந்து சேந்தேன்."

கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துப்போனார். குழந்தைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்கப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "எல்லாரும் பாருங்க! செத்துட்டான்னு சொல்வேன்ல, பொடவக்கடக்காரன்? வந்துட்டான்!"

முன்வரிசையில் இருந்த மயிலாப்பூர் அம்மாள் ஒருவர், அவரும் குடியிலிருந்து மீண்டவர்தான், எழுந்தே விட்டார். "இவரா? நாமெல்லாம் நின்னுண்டு இவருக்காக ஒரு நிமிஷம் மௌனமா இருந்தோமே!"

வகுப்பறையே சிரித்தது. கை தட்டினார்கள். உயிரோடு இருப்பதற்காக எனக்கு யாரும் அதுவரை கை தட்டியதில்லை. (அங்கே பேசுவது வெளியே போகக் கூடாது என்பது விதி. அவர்கள் எழுதச் சொன்ன பிறகே இதை எழுதுகிறேன்.)

மாமா மட்டும் திடீரென்று சிரிப்பை நிறுத்தினார். "இத்தினி நாளா உன் சாவச் சொல்லிச் சொல்லித்தான் குடிக்காம கீறேன். இனிமே இன்னாத்தச் சொல்றது?"

"அவர் வந்துண்டிருக்கார்னு சொல்லுங்கோ" என்றார் அந்த அம்மாள்.

மாமா என்னைப் பார்த்தார். "அப்டின்னா வாரா வாரம் வரணும். வர்லன்னா மறுபடி அதேதான் நெனப்பேன்."

"வரேன் மாமா." இந்த வார்த்தையைப் பலருக்குச் சொல்லி ஏமாற்றியிருக்கிறேன். அன்றைக்கு மனமறிந்து சொன்னேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "பசிக்குது" என்றேன். குடிப்பவனுக்குப் பசி செத்துப்போகும். தட்டில் போட்டதைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவதுதான் என் வழக்கம். சுமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாயா சொன்ன?"

"பயங்கரமா பசிக்குது."

தோசை தோசையாக வந்தது. மாமாவின் கதையைச் சொல்லிக்கொண்டே தின்றேன். அவள் கரண்டியோடு நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கடைசியில் பார்த்தால் மாவு தீர்ந்திருந்தது. அவளுக்கு ஒரு தோசைகூட மிஞ்சவில்லை.

"உனக்கு இட்லி வாங்கியாறேன்" என்று எழுந்தேன். இட்லிக் கடைக்கு ஒயின்ஷாப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் தம்பி அவசரமாகச் செருப்பைத் தேடினான். சுமதி அவனைக் கையமர்த்தினாள். "நீ இருடா. அவரே போய்ட்டு வரட்டும்."

முன்பெல்லாம் அந்த நேரத்தில் வெளியே போனால் பொழுது எங்கே போனதென்றே தெரியாது. அன்று போன வழியும் வந்த வழியும் தெரிந்தன. பொட்டலத்தை அவள் கையில் வைத்தேன். இலை வழியாக இட்லி இன்னும் சுட்டது.