தெலுக் பஹாங்குக்கு நின்று நின்று போன கதை

தீவின் ஜார்ஜ் டவுனிலிருந்து அதே தீவின் இன்னொரு மூலையில் இருக்கும் தெலுக் பஹாங்குக்குக் கடல் வழியாகப் போக முடியுமா என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். போகலாம். நான் 1992-இல் போயிருக்கிறேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம், படகில் ஒன்றரை மணி நேரம். என் படகில் நான்கு மணி நேரம்.

நாங்கள் போனதற்குக் காரணம் கடல் காற்று இல்லை, கல்யாணம். என் மகள் மாலதியும் ராஜன் என்ற பையனும் பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள், ஒருவருக்கு ஒருவரைப் பிடித்துப்போனது. ராஜனின் அம்மா யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு வந்து பெண்ணைப் பார்த்தார், காப்பி குடித்தார், நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் பேச்சு மூச்சு இல்லை. மாலதி டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

குறை என் பக்கம்தான் இருக்கும் என்று நினைத்தேன். நான் தாசேக் கெலுகோரில் பிறந்து, படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கார் உதிரிபாகக் கடையில் நின்றவன். வாய் மட்டும் படிவம் ஆறு வரை போயிருக்கிறது. என்னை நெருங்கிப் பழகினால் அந்த அம்மாவுக்குப் பிடித்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. விருந்துக்குக் கூப்பிடலாம் என்றாள் என் மனைவி. நான் படகில் கூட்டிப் போகலாம் என்றேன்.

"அந்தப் படகுலயா? பொண்ணுக்கு இந்த இடம் வேணாம்னா வாயைத் திறந்து சொல்லிடுங்க," என்றாள்.

படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய மரப் படகு, அதற்குள் ஒரு பழைய பெட்ரோல் இன்ஜின். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்க மின்சாரப் பம்ப் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் அது டக் டக் டக் என்று அடிக்கும், பெட்ரோல் நிறைந்ததும் அடங்கும். முந்தின வாரம்தான் ஆயுத பூசை. ஸ்டியரிங், பாட்டரி, பம்ப், நங்கூரம், தண்ணீர் இறைக்கிற வாளி என்று படகில் இருந்த எல்லாவற்றுக்கும் நானே சந்தனம், குங்குமம் வைத்தேன். பளபளவென்று எது கண்ணில் பட்டதோ அதற்குப் பெரிய பொட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி ஃபெரியில் தீவுக்கு வந்தோம். அப்போது ஆளுக்கு நாற்பது காசு, திரும்பும்போது இலவசம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார், அதாவது சோறும் கறிக்குழம்பும், ஐந்து பொட்டலம் கட்டினேன், பதினாறு வெள்ளி. படகு வெல்ட் கீ கடலோரத்தில் ஒரு சீன நண்பரின் படகுத்துறையில் நின்றது. ராஜனும் அவன் அம்மாவும் அங்கேயே காத்திருந்தார்கள். அம்மா வெள்ளைப் பருத்திச் சேலை, கையில் குடை. படகில் இருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்ல பக்திதான்," என்றார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். வடக்கு முனையைச் சுற்றிக் கரையை ஒட்டியே போனால் தெலுக் பஹாங், ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். இந்த இன்ஜினின் ஒவ்வொரு திருகும் எனக்குத் தெரியும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். தஞ்சோங் தோக்கோங் வரும்போது இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பம்ப்பைக் கவனித்தேன். டக் என்றது. அப்புறம் யோசித்தது. அப்புறம் இன்னொரு டக். கரண்ட் சரியாகப் போகவில்லை என்று முடிவு செய்தேன். ஃபியூஸைக் கழற்றி, சட்டையில் துடைத்து, திரும்ப மாட்டினேன். முக்கால் மணி நேரம் ஆனது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"ஃபியூஸ்தான் லா. சின்ன விஷயம்," என்றேன்.

தஞ்சோங் பூங்காவில் மறுபடியும் நின்றது. இந்த முறை பம்ப்பின் எர்த் வயரைச் சுரண்டி இறுக்கினேன். ராஜன் உதவிக்கு வந்து ஸ்பேனரைக் கடலில் போட்டான். அவன் அம்மா பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். இன்னொரு முக்கால் மணி நேரத்தில் இன்ஜின் ஓடியது.

"வயருதான். உப்புக் காத்துல இப்படித்தான் ஆகும்," என்றேன்.

"முதல் ஃபியூஸ் எண்டியள்," என்றார் ராஜனின் அம்மா.

"ரெண்டும்தான்மா."

பத்து பெரிங்கிக்கு எதிரே மூன்றாவது முறை. கடற்கரையில் இருந்த வெள்ளைக்காரர்கள் எங்களைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். வேண்டுமென்றே நின்றதுபோல் இருக்கட்டும் என்று என் மனைவியும் கை ஆட்டினாள். நான் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்ததை இன்னும் சுத்தமாக்கினேன். மலை மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மாலதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் வாய் நின்றது.

ராஜனின் அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நான் ஒண்டு சொல்லட்டே? குறை நினைக்கக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"நீங்கள் ஒவ்வொரு தரமும் ஒவ்வொண்டைத் திருத்திறியள். ஓடுது. பிறகு அதே மாதிரி நிண்டு போகுது. நீங்கள் திருத்தினதாலை அது ஓடேல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்ததாலை ஓடுது."

மாலதிதான் முதலில் எழுந்தாள். "அப்பா, சும்மா இருக்கும்போது டேங்குக்குள்ள என்ன நடக்குது?" என்று கேட்டபடியே டேங்க் மூடியைத் திருகினாள். உஸ்ஸ் என்று நீளமாகக் காற்று உள்ளே போனது. அடுத்த நொடி, சோர்ந்து கிடந்த பம்ப் டக் டக் டக் என்று வேகமாக அடித்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்ரோல் வெளியே போகப் போக டேங்குக்குள் காற்று வர வேண்டும். அதற்கு ஒரு மூச்சுக் குழாய் உண்டு. அதன் வாய், படகின் வெளிப்பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைக் குமிழ். குனிந்து பார்த்தேன். அந்தக் குமிழின் ஓட்டை மேலே, பத்துக் காசு அகலத்தில், நடுவில் குங்குமத்தோடு, நான் வைத்ததிலேயே அழகான சந்தனப் பொட்டு. காய்ந்து ஓடுபோல் இறுகியிருந்தது. காற்று ஏதோ ஒரு கீறல் வழியாகக் கசிந்து கசிந்து போயிருக்கிறது. அதனால்தான் நாங்கள் நின்று இளைப்பாறியபோதெல்லாம் இன்ஜினும் இளைப்பாறியிருக்கிறது.

ராஜனின் அம்மாவும் எட்டிப் பார்த்தார். "இதுக்குப் பொட்டு வைச்சது ஆர்?"

என் மனைவி யோசிக்கவே இல்லை, விரலை நீட்டிவிட்டாள்.

"மூக்கை அடைச்சுப்போட்டு, ஓடு ஓடு எண்டால் அது என்ன செய்யும், பாவம்," என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. குடையைக் கீழே போட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வர, கொண்டை குலையக் குலையச் சிரித்தார். பிறகு அதே கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து மாலதியிடம் கொடுத்தார். மாலதி பொட்டைக் குத்தி எடுத்தாள். அதற்குப் பிறகு இன்ஜின் நிற்கவே இல்லை.

ஒன்றரை மணிக்குத் தெலுக் பஹாங் மீனவர் துறையில் இறங்கினோம். மழையும் அப்போதுதான் பிடித்தது. ராஜனின் அம்மா குடையை விரித்து, முதலில் மாலதியை உள்ளே இழுத்துக்கொண்டார். நான்கு அடி நடந்து, திரும்பி என்னிடம் சொன்னார்:

"கலியாணத்தண்டைக்கு மாப்பிள்ளையை இந்தப் படகிலை ஏத்தாதேங்கோ. கார் போதும்."

நான் படகைக் குறை சொல்கிறார் என்று நினைத்து, "இல்லம்மா, இப்ப நல்லா ஓடுது," என்று வாதாடினேன். என் மனைவி முழங்கையால் இடித்தாள். "என்னங்க, கல்யாணம்னு சொல்றாங்க," என்றாள்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. காலையிலேயே புறப்படுங்கள், மதியத்துக்கு மேல் மழை வரும். ஃபெரிக் கட்டணம் இப்போது மாறிவிட்டது, கேட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் இன்ஜின் என்றால் சாவியைத் திருப்பும் முன் இன்ஜின் பெட்டியின் மூடியைத் திறந்து பெட்ரோல் ஆவியைப் போக விடுங்கள், பக்கத்தில் சிகரெட் கூடாது. பம்ப் மெதுவாக அடித்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியானால், ஃபியூஸைத் தொடும் முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை உள்ளே இழுத்தால் பம்ப் மேல் குற்றம் இல்லை.

ஆயுத பூசையை விடச் சொல்லவில்லை, நானும் விடவில்லை. படகை விற்கும் வரை ஒவ்வொரு வருடமும் சம்பந்தியம்மா வருவார். நான் சந்தனக் கிண்ணத்தை எடுக்கும் முன்பே, தலையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து அந்தப் பித்தளை ஓட்டையில் செருகிவிட்டு, "இனி வையுங்கோ," என்பார்.